ஜெகதீஸ்வரி கீறிய முற்றம்

ஜெகதீஸ்வரியை அந்த இல்லத்தில் ஒருவருக்கும் பிடிக்காது. அது அவளுக்கும் தெரியும். தெரிந்து அவள் கவலைப்பட்டதாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை. வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கையொன்றில், தமிழ் முதியவர்களுக்கென ஒரு சங்கம் நடத்திவந்த இரண்டு மாடி வீடு அது. கனடாவிலும் இலண்டனிலும் பிள்ளைகள் உள்ளவர்கள் மேல்மாடியில் காற்றோட்டமாக இருந்தார்கள். அப்படி ஒருவரும் இல்லாதவர்கள் கீழே, பின்முற்றத்தைப் பார்த்த மூன்று அறைகளில் கிடந்தார்கள். அதில் நடு அறை ஜெகதீஸ்வரியுடையது.

யாழ்ப்பாணத்தில் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் பட வரைஞராக இருந்து ஓய்வு பெற்றவள். வாய்க்காலும் மதகும் குளக்கட்டும் கீறிக் கீறியே வயது போனது. கலியாணம் கட்டவில்லை. கட்டியிருந்தால் அந்த மனுசன் எப்பவோ போய்ச் சேர்ந்திருப்பான் என்று மேல்மாடிக்காரர்கள் சொல்லிச் சிரிப்பார்கள், அவள் காதில் விழும்படியாகவே. தொண்ணூற்றைந்து ஐப்பசியில் சண்டைக்குப் பயந்து ஊரே எழும்பி நடந்தபோது அவளும் நடந்தாள். பிறகு கிளிநொச்சி, வவுனியா முகாம், அங்கிருந்து வெளியேற ஆமி தரும் பாஸ், கடைசியில் கொழும்பு. இங்கே இல்லத்தின் விலாசத்தில்தான் பொலிஸில் பதிந்திருந்தாள். விலாசம் இல்லாத தமிழ்க் கிழவியை வந்த வழியே வவுனியாவுக்கு ஏற்றிவிட எந்தப் பொலிஸ்காரனுக்கும் ஒரு நிமிசம் போதும். ஆகவே அந்த அறை அவளுக்கு வெறும் அறை அல்ல.

அறையோ மழை வந்தால் குளம். பின்முற்றம் அறைகளைவிட ஒரு படி உயரம். வீட்டைக் கட்டியவன் எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தானோ தெரியாது, முற்றத்துத் தண்ணீர் முழுவதும் இறங்கி வாசற்படி தாண்டி உள்ளே வரும். இரவு கட்டிலுக்குக் கீழே செருப்பு மிதக்கும். பக்கத்து அறை இரத்தினம்மாவுக்குப் பாரிசவாதத்தால் இடது கால் இழுப்பு. தண்ணீர் வரும் நாளில் அவள் கட்டிலைவிட்டு இறங்காமல் விடியும்வரை குந்தியிருப்பாள். மூன்றாவது அறை நாகேந்திரம், நீர்வேலியில் தபாலதிபராக இருந்தவர். தண்ணீருக்கு அவர் தன் பழைய ரேடியோவைத் தூக்கி அலுமாரிக்கு மேல் வைப்பதோடு சரி.

தொண்ணூற்றெட்டு மாசியில் சங்கத் தலைவர் ஸ்ரீஸ்கந்தராசா கூட்டம் கூட்டினார். ஓய்வுபெற்ற வங்கி மனேஜர். மேல்மாடி முன் அறையில் இருப்பவர். வேட்டி எப்போதும் பால் போல் இருக்கும். முற்றம் முழுவதும் சீமெந்து போடுவதென்றும், கீழ் அறைகள் மூன்றையும் சாமான் போடும் ஸ்ரோர் ஆக்குவதென்றும் அறிவித்தார்.

"அப்ப நாங்கள்?" என்று நாகேந்திரம் கேட்டார்.

"உங்களுக்கு வேற இடம் பாப்பம்."

"எங்க?"

"பாப்பம் எண்டுதானே சொல்லுறன்."

ஜெகதீஸ்வரி எழும்பினாள். அவள் எழும்பினாலே மேல்மாடிக்காரர் கதிரையில் நெளிவார்கள். "சீமெந்து போட்டா தண்ணி எங்க போகும் ஐயா? உங்கட மேல்மாடிக்கு ஏறுமோ? மண் குடிக்கிற தண்ணியைச் சீமெந்து குடிக்காது. நீங்கள் வங்கியில இருந்த மனுசன், உங்களுக்கு மண்ணைப்பற்றி என்ன தெரியும்?"

"உங்களுக்குத் தெரிஞ்சா நீங்களே செய்து காட்டுங்கோவன். வைகாசி மழைக்கு முன்னம் தண்ணி உள்ள வராமச் செய்தா மூண்டு பேரும் இருங்கோ. இல்லாட்டிச் சீமெந்துதான்."

மற்றவர்களைச் சிரிக்கவைக்கத்தான் அப்படிச் சொன்னார். அவர்களும் சிரித்தார்கள். ஜெகதீஸ்வரி அன்று பின்னேரமே நூலும் நாலு தடியும் எடுத்துக்கொண்டு முற்றத்தில் இறங்கிவிட்டாள்.

அவள் கீறிய முற்றம் இப்படி. அறை வாசலிலிருந்து விலகிப் பின்மதிலை நோக்கிச் சரியும்படி மண்ணை வெட்டி இறக்க வேண்டும். மதிலோரம் இரண்டு சாண் ஆழத்தில் வளைந்து போகும் ஒரு வாய்க்கால். வாய்க்கால் கரை இடியாமல் இருக்கவும் தண்ணீரை இழுக்கவும் இருபக்கமும் வெட்டிவேர். குளியலறைத் தண்ணீர் வாழைக்கு. கடலின் உப்புக்காற்றுக்குத் தாங்குகிற பூவரசும் முருங்கையும் நிழலுக்கு. இரத்தினம்மா போன்றவர்கள் பொல்லூன்றி நடக்கச் சறுக்காத, சிறுகல் கலந்த கிறவல் பாதை, நடுநடுவே களைத்தால் குந்த வாங்கு. புல்தரை கிடையாது. புல்லுக்கு ஊற்றத் தண்ணீரும் வெட்ட ஆளும் யார் தருவது? விழுந்த இலை விழுந்த இடத்தில் கிடக்க வேண்டும், அதுதான் மண்ணுக்குப் போர்வை என்றாள்.

மற்றதெல்லாம் போகட்டும், இந்த இலையில்தான் சண்டை தொடங்கியது. காலையில் எழும்பி முற்றம் கூட்டாத வீட்டை யாழ்ப்பாணத்தில் வீடென்றே சொல்லமாட்டார்கள். இலை கிடந்தால் வீட்டில் சாவு விழுந்ததோ என்று கேட்பார்கள். இரத்தினம்மா ஒரு கையில் பொல்லும் மறுகையில் விளக்குமாறுமாக இருள் விலக முதலே இறங்கிக் கூட்டிவிடுவாள். ஜெகதீஸ்வரி கூட்டிய குப்பையை அள்ளிவந்து திரும்பப் பரப்புவாள்.

"உனக்கென்ன விசரோ?" என்பாள் இரத்தினம்மா. "குப்பைமேட்டில இருக்கிறம் எண்டு ஊர் சிரிக்கப்போகுது."

"ஊர் எங்கயடி இருக்கு சிரிக்க? விளக்குமாத்தைத் தா இஞ்ச."

ஒருநாள் இருவரும் விளக்குமாற்றின் இரண்டு முனையையும் பிடித்து இழுத்ததை மேல்மாடி முழுவதும் வரிசையில் நின்று பார்த்தது. ஜெகதீஸ்வரி விளக்குமாற்றை முறித்து வாழையடியில் போட்டாள். மூன்று நாள் இருவரும் பேசவில்லை. வாழை நுளம்பைக் கொண்டுவரும் என்று ஒருவர், முருங்கையில் மயிர்க்கொட்டி வரும் என்று இன்னொருவர், பாதையில் கிறவல் போட்டால் செருப்புத் தேயும் என்று மற்றொருவர். எல்லாருக்கும் அவள் பதில் சொன்னாள். அந்தப் பதில்களை இங்கே எழுத முடியாது.

சித்திரை பிறந்தது. மண் வெட்டக் கேட்டு வைத்திருந்த கூலியாட்கள் வருடப்பிறப்புக்கு ஊருக்குப் போனவர்கள் திரும்பவில்லை. வைகாசிக்கு நாள் கிட்டுகிறது. "நாங்களே வெட்டுவம்" என்று நாகேந்திரம் சொன்னார். மேல்மாடியிலிருந்து இரண்டு கிழவர்கள், பொழுது போகாதவர்கள், சேட்டைக் கழற்றிவிட்டு வந்தார்கள். ஜெகதீஸ்வரி படத்தை நாகேந்திரத்தின் கையில் கொடுத்தாள்.

"மதிலோரமா. ரெண்டு சாண். விளங்கினதோ?"

"ஓம் ஓம். நாங்கள் மண் வெட்டாத ஆக்களே?"

"அதுதான் பயமாக் கிடக்கு" என்றுவிட்டு அவள் வெட்டிவேர் எடுத்துவரக் கொட்டாஞ்சேனைக்குப் பஸ் ஏறினாள். அங்கே கிளறன்ஸ் என்றொருவர் கோயில்களுக்குப் பூச்செடி கொடுக்கிறவர், ஒரு சாக்கு நிறைய வேர்க்கன்று தருவதாகச் சொல்லியிருந்தார்.

போனது சுகம். வரும்போது ஆமிச் சென்ரியில் பஸ்ஸை மறித்து எல்லாரையும் இறக்கினார்கள். அடையாள அட்டையில் யாழ்ப்பாணம் என்றிருந்ததைப் பார்த்ததும் சிப்பாய் அவளைத் தனியே நிறுத்தினான். பேரப்பிள்ளை வயது.

"மேக்க மொக்கத?" என்று சாக்கைக் காலால் தட்டினான், இது என்னவாம்.

"சவெந்தரா மாத்தயா" என்றாள். திணைக்களத்தில் படித்த சிங்களம். "வத்தட்ட." வெட்டிவேர் ஐயா, தோட்டத்துக்கு என்று அர்த்தம்.

அவன் நம்பவில்லை. சாக்கைத் தலைகீழாகக் கவிழ்த்துத் துவக்கு முனையால் கிளறினான். மற்றவர்களை ஏற்றிக்கொண்டு பஸ் போய்விட்டது. பெரியவன் வரும்வரை வெயிலில் நின்றாள். பெரியவன் வந்து வேரை முகர்ந்துவிட்டுச் சிரித்துக்கொண்டு போகச் சொன்னான். தார் வீதியில் சிதறிக் கிடந்ததைக் குனிந்து குனிந்து பொறுக்கினாள். நெஞ்சு கொதித்தது. அந்தச் சிப்பாயில் மட்டுமல்ல, பஸ்ஸில் இருந்துகொண்டு அவளைப் பாராமல் கடலைப் பார்த்தார்களே, அந்தத் தமிழ்ச் சனத்திலும்தான்.

அவள் இல்லத்துக்கு வந்தபோது பின்னேரமாகிவிட்டது. முற்றத்தில் இறங்கியவள் சாக்கை அப்படியே கீழே விட்டாள்.

மதிலோரம் வாய்க்கால் இல்லை. முற்றத்தின் நடுவில், நெஞ்சளவு ஆழத்தில், ஒரு பக்கம் முறிந்து திரும்பிய குழி. இறங்கப் படி வெட்டியிருந்தது. திரும்பிய பகுதிக்கு மேலே தென்னங்குற்றிகளை அடுக்கி, அதற்கு மேலே அரிசிச் சாக்குகளில் மண் நிரப்பிப் போட்டிருந்தார்கள். கிழவர்கள் மூவரும் மண்ணில் குளித்து, தேத்தண்ணிக் கோப்பையோடு குந்தியிருந்தார்கள். அவர்கள் முகத்தில் அப்படியொரு சந்தோசத்தை அவள் அந்த இல்லத்தில் கண்டதேயில்லை.

"நாகேந்திரம், இது என்ன?"

"வாய்க்கால்தான்..." என்று தொடங்கியவர் திரும்பிக் குழியைப் பார்த்தார். கோப்பையைக் கீழே வைத்தார். மற்ற இருவரும் பார்த்தார்கள்.

பங்கர். குண்டுக்குப் பதுங்குகிற குழி, யாழ்ப்பாணத்தில் ஒவ்வொரு வளவிலும் இருந்தது. எறிகணைச் செல் வந்து வாசலில் விழுந்தாலும் சிதறல் உள்ளே வராமல் இருக்கத்தான் அந்த முறிவு. முறிவின் உள்மூலைதான் பத்திரமான இடம். அங்கே பச்சைப்பிள்ளையையும் சுகமில்லாதவரையும் இருத்துவார்கள், அது எழுதாத சட்டம். காலையில் வாய்க்கால் வெட்டத் தொடங்கிய மூன்று பேரும் ஊர்க்கதை கதைத்துக் கதைத்து வெட்டியிருக்கிறார்கள்.

"கை தன்ர பாட்டில போட்டுது ஜெகதீஸ்வரி" என்றார் நாகேந்திரம்.

"கையோ? தலைக்குள்ள என்ன களிமண்ணோ? ரெண்டு சாண் எண்டு சொன்னனானா இல்லையா? வெள்ளவத்தையில, தமிழ் வீட்டுக்குப் பின்னால பங்கர் வெட்டி வைச்சிருக்கிறியள்! இதைக் கண்டா எங்களை உயிரோட விடுவாங்களோ?"

அதற்குள் பக்கத்து வீட்டு மேல் யன்னல் திறந்தது. பஹ்மியா, நகைக்கடைக்காரர் மனைவி, தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

"ஆன்ட்டி, இங்க மேல இருந்து பாத்தா வேற மாதிரி இருக்குது. யாராவது பொலிஸுக்குச் சொன்னா எங்க வீட்டுக்கும்தான் வருவாங்க. எங்களுக்கு உங்க சண்டை வேணாம். மூடிருங்க."

யன்னல் சாத்தப்பட்டது. சத்தம் கேட்டுத் தலைவர் இறங்கி வந்தார், பின்னால் மேல்மாடி முழுவதும். குழியைக் கண்டதும் அவர் முகம் வெளிறியது. எண்பத்துமூன்றுக் கலவரத்தில் பம்பலப்பிட்டியில் வீடு எரிந்தபோது அயல்வீட்டுக் குளியலறைக்குள் பதுங்கித் தப்பியவர் அவர். அதைப்பற்றி ஒருபோதும் கதைப்பதில்லை.

"இதுக்குத்தானோ இந்தத் தோட்டமெல்லாம்? எல்லாரையும் காட்டிக்குடுக்கப் போறியளோ? மண்வெட்டியை எடுங்கோ. இப்பவே மூடுங்கோ. நாளைக்குச் சீமெந்து. கீழ இருக்கிற மூண்டு பேரும் மூட்டையைக் கட்டுங்கோ!"

"கத்தாதேங்கோ. வெட்டினது உங்கட மேல்மாடி ஆக்களுந்தான்" என்றாள் ஜெகதீஸ்வரி.

அவர் வாயைத் திறந்தார். அந்த நேரம் கடற்பக்கம் வெடித்தது.

வீடு அதிர்ந்தது. கண்ணாடிகள் கிலுங்கின. வீட்டுக்குள் வெளிச்சம் போனது. நகரில் குண்டு வெடித்து இன்னும் அதிக நாளாகவில்லை. யாரோ "விழுந்து படுங்கோ!" என்று கத்தினார்கள். அதற்குப் பிறகு யாரும் யாரையும் பார்க்கவில்லை. நாகேந்திரம் பக்கத்தில் நின்ற இரத்தினம்மாவை அப்படியே அணைத்து இறக்கி உள்மூலையில் இருத்தினார். மற்றவர்கள் படியால் விழுந்தும் உருண்டும் இறங்கித் தலையைக் கையால் மூடிக் குப்புறக் கிடந்தார்கள். ஜெகதீஸ்வரியும் ஓடினாள். பயமில்லை என்று அவள் பிறகு யாருக்கும் சொல்லவில்லை. பயந்துதான் ஓடினாள். அவள் படிக்கு வந்தபோது உள்ளே இடமில்லை.

அவளுக்கு முன்னால் இறங்கியவர் தலைவர். கிடந்தவர்களை மிதித்துக்கொண்டு முறிவுக்குப் போனார். உள்மூலையில் இருந்த இரத்தினம்மாவைத் தோளில் பிடித்து இழுத்து வெளியே தள்ளிவிட்டு, தான் அந்த மூலையில் முழங்காலுக்குள் முகத்தைப் புதைத்துக் குந்திக்கொண்டார். இரத்தினம்மா வாசற்பக்கம் வந்து விழுந்தாள். இழுபட்ட கால் படியில் வெளியே கிடந்தது. அவள் சத்தம் போடவில்லை. மற்றவர்கள் முகம் மண்ணில் இருந்தது, ஒருவரும் காணவில்லை. படியில் நின்ற ஜெகதீஸ்வரி கண்டாள்.

இரண்டாவது முறை உறுமியபோதுதான் பெரிய துளியொன்று அவள் புறங்கையில் விழுந்தது.

"இடி" என்றாள். "இடியடா பேயன்மாரே. மழை வருது. எழும்புங்கோ."

ஒவ்வொருவராக எழும்பினார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் மண்ணைத் தட்டினார்கள். தலைவர் கடைசியாக ஏறினார். பால்வேட்டி முழுவதும் சேறு. படியின் மேலே அவள் நின்றாள். இருவர் கண்ணும் சந்தித்தன. அவள் கண்டுவிட்டாள் என்பது அவருக்கு விளங்கிவிட்டது. அவர் மாடிக்கு ஏறினார்.

சித்திரை மழை பெய்கிற பெய்தலாகப் பெய்தது. முற்றத்துத் தண்ணீர் முழுவதும் நடுக்குழிக்குள் இறங்கியது. இறங்கியது மணலுக்குள் போனது. ஜெகதீஸ்வரி மூன்று அறைக்கும் போய் நிலத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். காய்ந்திருந்தது. பிழையான இடத்தில், பிழையான ஆழத்தில், மடையன்கள் வெட்டிய குழி அவள் கீறியதைவிட நன்றாகத் தண்ணீரை வாங்கியது. அவளுக்கு ஆத்திரமும் வந்தது, சிரிப்பும் வந்தது. கறுமம் என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்தாள்.

மறுநாள் காலை கூட்டம். தலைவர் புது வேட்டி கட்டியிருந்தார். அவர் குரலில் ஒரு பிசிறும் இல்லை.

"குழிக்குள்ள கல்லும் தேங்காய்ப் பொச்சும் போட்டு நிரப்பி மேல மண் மூடுவம். வெளியில இருந்து பாத்தா ஒண்டும் தெரியாது, தண்ணியும் போகும். முற்றம் படத்தில இருக்கிறமாதிரியே இருக்கட்டும். சீமெந்து வேண்டாம். கீழ் அறைகளும் இருக்கட்டும்."

நாகேந்திரம் பெருமூச்சு விட்டார். இரத்தினம்மா ஜெகதீஸ்வரியின் கையைப் பிடித்தாள்.

"ஆனா" என்றார் தலைவர், "நேற்று நடந்த விசயத்துக்கு ஒரு ஆள் பொறுப்பெடுக்க வேணும். படம் ஜெகதீஸ்வரியின்ர. பொலிஸ் வந்திருந்தா இல்லத்தையே பூட்டியிருப்பாங்கள். அவ இஞ்ச இருக்கிறது எங்கள் ஒருத்தருக்கும் பாதுகாப்பில்லை. ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னம் வேற இடம் பாக்கட்டும்."

மேல்மாடிக்காரர்கள் தலையாட்டினார்கள், சிலர் சந்தோசமாகவே. வெட்டிய கிழவர்கள் இருவரும் தங்கள் கால்விரல்களைப் பார்த்தார்கள். நாகேந்திரம் இருமினார். இரத்தினம்மாவின் கை மெல்ல நழுவியது.

தலைவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். காத்திருந்தார்.

ஜெகதீஸ்வரி எழும்பினாள். வாய்க்குள் எல்லாம் வரிசையாக வந்து நின்றது: மூலை, தோள், இழுபட்ட கால். ஒரு வசனம் போதும். இந்த மனுசன் வெள்ளவத்தையில் தலைநிமிர்ந்து நடக்கமாட்டான். ஆனால் அவள் வாயை அடைக்கத்தான் அறைகளை விட்டுக்கொடுத்திருக்கிறார், சொன்ன மறுநிமிசம் சீமெந்து வரும். மூன்று அறையும் பூட்டுப்படும். வாழ்க்கையில் எவனுக்கும் எதையும் அடக்கிவைத்துப் பழகாத நாக்கு அது. அதை அடக்க அவள் பட்ட பாடு சென்ரியில் வெயிலில் நின்றபோதும் பட்டதில்லை.

"வெட்டிவேர் சாக்கு முற்றத்தில கிடக்கு" என்றாள். "காயமுன்னம் நடுங்கோ. இலையைக் கூட்டாதேங்கோ." பிறகு தலைவரைப் பார்த்து, "நீங்கள் நல்லா இருக்கமாட்டியள்" என்றுவிட்டு வெளியே போனாள்.

கிளறன்ஸ் ஜிந்துப்பிட்டியில் தன் தமக்கை வீட்டோடு சாய்த்து இறக்கிய ஒரு பத்தி இருப்பதாகச் சொன்னார். பொலிஸ் பதிவைப் புதிதாக, முதலிலிருந்து தொடங்க வேண்டும். கொடுப்பார்களோ மாட்டார்களோ தெரியாது. சனிக்கிழமை பின்னேரம் அவள் உடுப்புகளை மடித்துக்கொண்டிருந்தபோது இரத்தினம்மா பொல்லை ஊன்றி வாசலில் வந்து நின்றாள்.

"நீ பாத்தனி" என்றாள். "அவர் என்னை இழுத்துத் தள்ளினதை. தோள் இன்னும் நோகுது."

"ஓம். பாத்தனான்."

"பிறகேன் சொல்லேல்ல?"

"சொன்னா நீ எங்க போவாய்? காலும் இழுக்குது, கேக்கவும் ஆளில்லை."

இரத்தினம்மா அழுதாள். சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள். "நானெண்டாலும் வாயைத் திறந்திருக்கலாம்" என்றாள்.

அப்படியெல்லாம் சொல்லாதே என்று மற்றவள் சொல்வாள் என்று இரத்தினம்மா எதிர்பார்த்தாளோ என்னவோ. ஜெகதீஸ்வரி பையின் சிப்பை இழுத்து மூடினாள்.

"ஓம், திறந்திருக்கலாம்" என்றாள். "வழி விடு."

இரத்தினம்மா பொல்லை ஒதுக்கி வழி விட்டாள்.